ஏரிக்கரை வீட்டுப் பெட்டிகள்

பிப்ரவரி 12, ஞாயிறு

இன்று மதியம் அவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தாயிற்று. ஆட்டோவிலிருந்து இறக்க எதிர்வீட்டுக்காரர் கை கொடுத்தார். வலது காலைத் தரையோடு இழுத்துத்தான் வைக்கிறார். வலது கை சும்மா தொங்குகிறது. பேச்சு அறவே இல்லை. மூளையின் இடது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டதால் இப்படி ஆயிற்றாம். நாம் சொல்வதெல்லாம் அவருக்கு விளங்கும், பதில்தான் வாய்க்கு வராது என்று டாக்டர் சொன்னார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ரிஸ்வானா என்ற பெண் வரப்போகிறாள். காயல்பட்டினத்துக்காரி, சின்ன வயசு. அவர் வாயிலிருந்து எந்தச் சொல் வந்தாலும் தேதி போட்டு எழுதி வையுங்கள் என்றாள். அதற்காகத்தான் இந்த டைரி. நான் வேலை பார்க்கும் லேப்புக்கு வரும் மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்தது, காலியாகக் கிடந்தது.

இன்றைய சொல்: "ம்." இதைச் சொல் என்று எடுத்துக்கொள்ளலாமா, தெரியவில்லை.

பிப்ரவரி 15, புதன்

அவருக்கு நானே சவரம் செய்துவிட்டேன். கன்னத்தில் ஒரு கீறல் விழுந்துவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் முகத்தை இவ்வளவு பக்கத்தில் வைத்துப் பார்த்தது குறைவு. தாடைக்குக் கீழே ஒரு பழைய தழும்பு இருக்கிறது. எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது.

பாளையங்கோட்டையில் எனக்குப் புதிதாக வேலை கிடைத்த லேப்பிலிருந்து ஃபோன். வீட்டு நிலைமையைச் சொன்னேன். நான் சேருகிற தேதியைத் தள்ளி வைக்கிறார்களாம். அங்கே வாடகைக்குப் பேசியிருந்த வீட்டுக்கார அம்மாவும் கூப்பிட்டார். எடுக்கவில்லை.

சொல்: இல்லை.

பிப்ரவரி 26, ஞாயிறு

தவக்காலம் என்பதால் எங்கள் தெரு ஜெபக் குழுவான அன்பியத்துப் பெண்கள் ஜெபமாலை சொல்ல வீட்டுக்கு வந்தார்கள். நான் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். ஆண் குரல் ஒன்று கூடச் சேர்ந்து கேட்டது. ஓடி வந்து பார்த்தால் அவர். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சொல் தவறாமல், எல்லாரோடும் சேர்ந்து சொல்கிறார். டீ பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது.

அவர்கள் போன பிறகு, "காபி வேணுமா?" என்று கேட்டேன். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

ரிஸ்வானாவிடம் ஃபோனில் சொன்னேன். மனப்பாடமாக இருப்பது வேறு இடத்தில் இருக்குமாம், யோசித்துப் பேசுவது வேறு இடமாம். ரொம்ப எதிர்பார்க்காதீங்கக்கா என்றாள்.

மார்ச் 4, சனி

படம் போட்ட அட்டைகளைக் காட்டிப் பெயர் சொல்ல வைக்கிறாள் ரிஸ்வானா. ஆப்பிள், குடை, பூனை. கன்டெய்னரைத் தூக்கி அடுக்கும் எந்திரத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த மனுஷன். குடை அட்டையை இடது கையால் தட்டிவிட்டார். அது அலமாரிக்கு அடியில் போய் விழுந்தது. ரிஸ்வானா கோபப்படவில்லை. அவருக்குப் பிடிச்ச சாமான் எதாவது இருந்தா அதுல பழக்கலாம்க்கா என்றாள். அவருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டாள்.

மகளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 7, செவ்வாய்

மகள் பிரின்சி கோயம்புத்தூரிலிருந்து கூப்பிட்டாள். அங்கேதான் காலேஜ் படிக்கிறாள். நான் கேட்டதற்கு, "அப்பாவோட கேமைப் போட்டுக் குடும்மா, வேறென்ன" என்றாள், இது கூடத் தெரியாதா என்கிற மாதிரி.

தெரியாமல் இல்லை. வேலை முடிந்து வந்தால் சாப்பிட்டுவிட்டு அந்த டிவி முன்னால் உட்காருவார், தூக்கம் வரும்வரை எழுந்திருக்க மாட்டார். எனக்கும் அந்த விளையாட்டுப் பெட்டிக்கும் ஆகாது. ஏன் என்று இங்கே எழுத வேண்டியதில்லை.

மார்ச் 8, புதன்

போட்டுக் கொடுத்தேன். டிவியில் மலையும் காடும் ஏரியுமாக ஒரு பெரிய உலகம். அதில் கவசம் போட்ட ஆள் ஒருவன் முதுகைக் காட்டி நிற்கிறான். அவன்தான் இவர்.

கையில் பிடிக்கிற கருவிக்கு இரண்டு கையும் வேண்டும். இடது கட்டைவிரலால் ஆளை நடக்க வைக்கிறார், வலது பக்கத்துப் பித்தான்களை அழுத்த ஆள் இல்லை. கொஞ்ச நேரம் முயன்றுவிட்டு அதை மடியில் போட்டுவிட்டார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து வலது பாதியைப் பிடித்துக்கொண்டேன். எதை அழுத்த வேண்டும் என்று அவர் கண்ணால் காட்டினார். ஒரு கருவியை இரண்டு பேர் பிடிக்க வேண்டுமென்றால் தோளோடு தோள் ஒட்டித்தான் உட்கார வேண்டியிருக்கிறது.

அந்த ஆள் ஓடவே இல்லை. தண்ணீருக்குள் நடப்பது போல நடந்தான். சுமை அதிகமாம். போகிற இடத்தில் கிடைப்பதையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார். எடை வரம்பு மீறிவிட்டது. அப்படியே நடந்து நடந்து ஏரிக்கரையில் அவருக்குச் சொந்தமாக இருக்கும் மரவீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே இருக்கும் பெரிய பெட்டியைத் திறந்ததும் படம் நின்றுவிட்டது. அவ்வளவு சாமான். வாள், எலும்பு, ரொட்டி, தோல், மெழுகுவர்த்தி எல்லாம் ஒன்றாக. மற்ற அலமாரியும் பீப்பாயும் காலி. என்னங்க இது குப்பைக் கிடங்கு மாதிரி என்றேன்.

சிரித்தார். ஒரு பக்கத்து வாய்தான் சிரிக்கிறது.

மார்ச் 14, செவ்வாய்

ரிஸ்வானாவுக்கு இந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. சாமானைப் பெட்டியில் வைக்கும் முன் அவர் அதன் பெயரைச் சொல்ல வேண்டும், சொன்னால்தான் நான் பித்தானை அழுத்த வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டிருக்கிறாள்.

லேப்பில் நான் ரத்த சாம்பிள் டியூப்களை வகை வகையாக அடுக்கி வைப்பவள். அந்தப் புத்தி இங்கேயும் வந்துவிட்டது. கதவுக்குப் பக்கத்தில் ஆயுதம். அடுப்பு அருகில் சாப்பாட்டுச் சாமான். கட்டில் பக்கம் மருந்துக் குப்பிகள். மாடியில் புத்தகம். தோல், இரும்புக் கட்டி எல்லாம் வெளியே பட்டறைப் பெட்டியில்.

சொற்கள்: வாள் (சரி). மீன் (சரி). கேடயத்தைத் "தட்டு" என்றார். அம்பைக் "குச்சி" என்றார். தப்பானாலும் பக்கத்து வீட்டுச் சொல்லாக இருக்கிறதே, நல்ல அறிகுறி என்றாள் ரிஸ்வானா.

காலையில் குழாயில் தண்ணீர் வந்ததைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

மார்ச் 28, செவ்வாய்

காளான், பூண்டு, வில், விளக்கு, கயிறு, உப்பு. உப்பு என்று சொன்னபோது ஜன்னல் பக்கம் கை காட்டினார், நம் ஊர் உப்பளத்தை.

மருந்துக் குப்பிகள் ஏகப்பட்டவை இருக்கின்றன. அடிபட்டால் குடிக்க. ஒன்றைக்கூட அவர் குடித்ததில்லையாம், பிரின்சி சொன்னாள். சாகக் கிடந்தாலும் பின்னால் தேவைப்படும் என்று எடுத்து வைத்துவிடுவாராம். ஒரே மாதிரி கவசம் பதினைந்து இருபது கிடக்கிறது. விற்றுவிடலாமே என்றேன். தலையை ஆட்டினார். வேண்டாமாம்.

வழியில் பூத்திருந்த நீலப் பூக்களை நான் பறிக்க வைத்தேன். ஒன்றுக்கும் உதவாதவைதான். அவர் பொறுமையாக ஆளை ஒவ்வொரு செடியிடமும் கொண்டுபோய் நிறுத்தினார்.

ஏப்ரல் 7, வெள்ளி

புனித வெள்ளி. விளையாடவில்லை. கஞ்சி. மாலை சிலுவைப்பாதைக்கு அவரைக் கூட்டிப்போக முடியவில்லை. எனக்கும் போகத் தோன்றவில்லை.

ஏப்ரல் 16, ஞாயிறு

இன்று என்னால் ஒரு நஷ்டம்.

போன வாரம் விளையாட்டில் பனிமலைப் பக்கம் போயிருந்தோம். சுமை மீறிவிட்டது, ஏரிக்கரை வீடு வெகுதூரம். அங்கே ஒரு சத்திரத்துக்கு வெளியே கிடந்த பீப்பாயில் பாதியைப் போட்டுவிட்டுப் பிறகு வந்து எடுக்கலாம் என்றேன். அவர் தலையை ஆட்டினார். நான் கவனிக்காமல் அழுத்திவிட்டேன். நல்ல வில்கள், மான் தோல், எனக்குப் பிடித்த நீலக்கல் விளக்கு எல்லாம் அதில்.

இன்று போய்த் திறந்தால் இரண்டு முட்டைக்கோஸ்தான் இருக்கின்றன. பிரின்சிக்கு ஃபோன் போட்டேன். பிறத்தியார் பீப்பாயில் வைத்தால் கொஞ்ச நாளில் விளையாட்டே காலி செய்துவிடுமாம். சொந்த வீட்டில் வைத்தால்தான் தங்குமாம்.

தெரியாமச் செஞ்சிட்டேங்க என்றேன். அவர் வாயைத் திறந்து மூடினார், மறுபடி திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

"அது... நம்ம... பீப்பா... இல்ல."

நாலு சொல். யாரும் கேட்டுச் சொல்லவில்லை, மனப்பாடமும் இல்லை. ரிஸ்வானா ஃபோனில் என்னைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். அவராகக் கட்டிய முதல் வாக்கியம் என்றாள்.

நம்ம என்கிற சொல்லை இதற்கு முன் எப்போது சொன்னார் என்று பாத்திரம் கழுவும்போது யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

மே 9, செவ்வாய்

பிரின்சி லீவுக்கு வந்திருக்கிறாள். அப்பாவும் மகளுமாகக் கம்பு ஊன்றித் தெருமுனை வரை போய்வந்தார்கள். அவரும் இப்போது இரண்டு மூன்று சொல்லைச் சேர்த்துப் பேசுகிறார். "சோறு போதும்." "ஃபேன் போடு."

மாலையில் அடுப்படிக்கு வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அப்பாட்ட சொன்னியாம்மா?"

எதை என்றேன்.

"பாளையங்கோட்டை பஸ்சுல போனா ஒரு மணி நேரம். தெனம் போய்ட்டு வந்துரலாம். வீடு எதுக்கு எடுத்தன்னு நான் கேக்கல. அப்பாவுக்குத் தெரியுமான்னுதான் கேக்கேன்."

தேங்காயைத் துருவு என்று அவளிடம் கொடுத்துவிட்டு வந்தேன். ஹாலில் டிவி சத்தம் இல்லை. எப்போது நிறுத்தினார் என்று தெரியவில்லை.

மே 21, ஞாயிறு

இன்று அவர் அடுக்கியதில் குளறுபடி. கதவுக்குப் பக்கத்தில் ஒரு காலிப் பெட்டி கிடந்தது. மற்ற பெட்டிகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்லி அதில் வைக்கச் சொன்னார். நான் பறித்த நீலப் பூக்கள். சிவப்புக் கம்பளி. நல்ல வில் ஒன்று. ரொட்டி. பிறகு மருந்துக் குப்பிகள், அதிலும் உசத்தியானவை, அவர் தொடவே தொடாதவை, மொத்தமும்.

மருந்தோட ரொட்டியை ஏங்க வைக்கிறீங்க, வகை தப்புதே என்றேன். தலையை ஆட்டினார்.

"ஜெசி" என்றார்.

கூப்பிடுகிறார் என்று நினைத்து, என்ன என்றேன். டிவியில் அந்தப் பெட்டியைக் காட்டினார்.

"ஜெசி... பெட்டி."

எனக்கு எதுக்குப் பெட்டி என்றேன். சொல்லை ரொம்ப நேரம் தேடினார். இடது கை முழங்காலில் தட்டிக்கொண்டே இருந்தது. எடுத்துக்கொடுக்கலாம் என்றால் அவர் என்ன சொல்லப் போகிறார் என்றே எனக்குத் தெரியவில்லை.

"பாளையங்கோட்டை" என்றார். அவ்வளவு நீளமான சொல், ஒரு எழுத்துக்கூட விழவில்லை.

சிலிண்டர்காரன் வந்திருக்கிறான் என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

மே 22, திங்கள்

சிலிண்டர்காரன் நேற்று வரவில்லை.

எங்கள் கட்டிலுக்கு அடியில் ஒரு சூட்கேஸ் இருக்கிறது. என் சேலைகள், சர்ட்டிஃபிகேட்டுகள், அம்மாவின் படம். பாளையங்கோட்டைக்கென்று ஜனவரியில் அடுக்கியது. அவர் விழுந்த அன்று ஆஸ்பத்திரிக்கு ஓடியவள், வந்து அதைப் பிரிக்கவே இல்லை. பிரிக்க நேரமில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவர் அதைப் பார்த்திருக்கிறார். எப்போது என்றுதான் தெரியவில்லை. விழுவதற்கு முன்பா, பிறகா?

ஜூன் 11, ஞாயிறு

பிரின்சி நேற்று காலேஜுக்குப் போய்விட்டாள். பூசை முடிந்து வந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். அவர் கம்பை ஊன்றி அடுப்படிக்கே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எப்பம்... போற?"

நான் எங்கேயும் போகலையே என்றேன்.

"போ, ஜெசி." மூச்சு வாங்கினார். "பாவம்னு... இருக்காத."

மீனை அப்படியே போட்டுவிட்டேன். அதற்கப்புறம் நான் பேசினேன். நானே பேசினேன். எதெதையோ சொன்னேன். எங்கம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றைக்கும் நீங்கள் டிவி முன்னால் போய் உட்கார்ந்தீர்கள் என்று சொன்னேன். உள்ளே நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன், ஒரு வார்த்தை வந்து கேட்டிருக்கலாமே என்றேன். ஒரு வீட்டில் இரண்டு பேர் சத்திரத்தில் தங்குகிற மாதிரி எத்தனை காலம் இருப்பது என்றேன். நோயாளியிடம் பேசுகிற பேச்சில்லை. ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். நான் ஓய்ந்த பிறகு சொன்னார்.

"அப்பவும்... வரல."

என்ன வரல?

இடது கையால் வாயைத் தொட்டுக் காட்டினார். "நல்லா இருந்தப்பவும்... வரல. வாசல் வரைக்கும்... வந்தேன். அன்னைக்கு. என்ன சொல்லன்னு... தெரியல."

மூக்கைச் சிந்திக்கொண்டு மீதி மீனை ஆய்ந்தேன். அவர் எழுந்து போகவில்லை. குழம்பு கொதிக்கிறவரை அந்த ஸ்டூலிலேயே இருந்தார்.

இன்று வந்த சொற்களைக் கணக்கெடுக்கவில்லை.

ஜூலை 10, திங்கள்

அவருடைய கம்பெனியில் கூப்பிட்டு, கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் சரிபார்க்கும் வேலை தந்திருக்கிறார்கள். எந்திரத்தில் ஏற முடியாது. இன்று முதல் நாள். சட்டைப் பித்தானை இடது கையால் அவரே போட்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன், கிட்டப் போகவில்லை.

சோறு வடிக்கப் பழகியிருக்கிறார். முதல் நாள் குழைந்துவிட்டது.

ஜூலை 22, சனி

பிரின்சி சொல்லிக்கொடுத்தபடி, எல்லாப் பித்தானையும் இடது கைக்கே மாற்றிக்கொண்டார். சண்டைக்கு ஆகாது, சாமான் அடுக்க மட்டும் போதும். இப்போது நான் பக்கத்தில் உட்கார வேண்டிய தேவை இல்லை.

அப்படியும் இரண்டு மூன்று நாள் உட்கார்ந்தேன்.

பாளையங்கோட்டை லேப்பில், மாதா திருவிழா முடிந்ததும் சேருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவரிடமும் சொன்னேன். "சரி" என்றார். பிறகு, "நல்லது" என்றார். தனித்தனியாக, இரண்டையும் யோசித்து.

ஆகஸ்ட் 16, புதன்

வந்துவிட்டேன். ஒரு ரூம், அடுப்படி, வாசலில் துணி துவைக்கக் கல்.

பஸ் ஸ்டாண்டுக்கு அவரும் வந்தார். சூட்கேஸை நான் எடுத்தேன், கட்டைப்பையை அவர் இடது கையில் வாங்கிக்கொண்டார். கம்பு பிடிக்கக் கை இல்லாததால் மெதுவாக நடந்தோம். பஸ் கிளம்பும்போது அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல் வராமலா, சொல்ல வேண்டாம் என்றா, முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரியும். இப்போது தெரியும்.

பிரின்சி ஃபோனில் பேசவில்லை. அப்பா தனியா இருக்காங்க என்று மெசேஜ் மட்டும் போட்டிருக்கிறாள்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

புது எந்திரங்கள், பழக வேண்டியிருக்கிறது. கூட வேலை பார்ப்பவர்கள் நல்ல மாதிரி.

ஃபோனில் அவருக்குப் பேச்சு ஓடாது, ஆள் முகம் தெரிய வேண்டும். அதனால் படம் அனுப்புகிறார். இன்று சோற்றுப் பானை. குழையவில்லை.

இந்த வீட்டில் டிவி இல்லை. சத்தமே இல்லாமல் இருக்கிறது. நான் கேட்டு வாங்கிய அமைதிதான்.

செப்டம்பர் 3, ஞாயிறு

பதினொரு மணி வாக்கில் வாசல் கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் அவர் நிற்கிறார். சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியிருக்கிறது. ஒற்றை ஆளாக பஸ் ஏறி, விலாசம் விசாரித்து வந்திருக்கிறார். வருகிறேன் என்று ஒரு படமும் அனுப்பவில்லை.

நான் எழுந்து நின்றேன். அவர் செருப்பைக் கழற்றினார். வாசற்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டு கேட்டார்.

"ஜெசி, உள்ள வரலாமா?"

எங்கேயும் நிற்காமல், திக்காமல் வந்தது. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருப்பார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் எதற்கும் அப்படிக் கேட்டதில்லை. நானும் அவரிடம் கேட்டதில்லை.

கையில் சோப்பு நுரை. அதோடு, வாங்க என்றேன்.

இருக்கிற ஒரு நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். நான் எதிரே தரையில் உட்கார்ந்தேன். எப்படி வந்தீங்க என்று கேட்டேன்.

சொல்ல ஆரம்பித்தார். பஸ்ஸில் சீட் கிடைக்கவில்லை. கண்டக்டருக்குப் பாளையங்கோட்டை என்று சொல்வதற்குள் பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள். வல்லநாட்டுப் பக்கம் மழை. அவர் வைத்திருந்த விலாசத்துக்கு இரண்டு பேர் தப்பாக வழி காட்டிவிட்டார்கள்.

ஒரு மணி நேரப் பயணம். அதைச் சொல்லி முடிக்க அவருக்குச் சாயங்காலம் வரை ஆயிற்று. சில இடத்தில் ஒரு சொல்லுக்காக ரொம்ப நேரம் காத்திருந்தோம். துவைத்த துணி வாளியிலேயே கிடந்தது. நடுவில் நான் எழுந்து போகவில்லை. ஒரு சொல்லையும் எடுத்துக் கொடுக்கவில்லை.